செம்பனைப் பாளைக்கு வந்த கூன்வண்டு

செம்பனைக் காட்டில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு வாசம் நன்றாகத் தெரியும். ஆண்பாளை விரிந்த மரத்தின் பக்கம் போனால், அடுப்பில் சோம்பை வறுப்பதுபோல ஒரு மணம் வந்து மூக்கில் ஏறும். அண்ணாந்து பார்த்தால் அந்த மஞ்சள் பாளையின்மேல் எள்ளை அள்ளித் தூவியதுபோலச் சின்னஞ்சிறு வண்டுகள் மொய்த்துக்கொண்டிருக்கும். மட்டையைத் தட்டினால் சிதறும்; சற்று நேரத்தில் திரும்ப வந்து உட்காரும். கடிப்பதில்லை, கொட்டுவதில்லை. ஆகையால் ஏதோ ஒரு பூச்சி என்று நாமும் அதைக் கடந்து போய்விடுகிறோம்.

அந்தப் பூச்சி இந்நாட்டுப் பூச்சி அன்று, நேயர்களே. 1981ஆம் ஆண்டுக்கு முன் மலேசியாவின் எந்தச் செம்பனை மரத்திலும் அது இருந்ததில்லை. நம் முன்னோர் கடல் கடந்து வந்ததுபோல அதுவும் கடல் கடந்து வந்தது. அதற்கு உடன்பிறப்புகள்போலச் சில உறவினங்கள் உண்டு. அவற்றையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, 'இதுவே வேண்டும்' என்று ஒன்றைத் தேர்ந்து அழைத்து வந்தார்கள். அது வந்தபின் தோட்டத்தில் ஒரு வேலையே இல்லாமற்போயிற்று. அந்த வரலாற்றைத்தான் இன்று பேசப்போகிறோம்.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு நூறாண்டு பின்னே போய், நியூசிலாந்து என்னும் குளிர்நாட்டில் இரண்டு தேனீக்களைப் பார்த்துவிட்டு வருவோம். செம்பனைக்கும் நியூசிலாந்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்.

நியூசிலாந்தில் குடியேறிய ஆங்கிலேயர்கள் ஆடு மாடுகளுக்காகச் சிவப்புக் குளோவர் என்னும் தீவனப் பயிரை விதைத்தார்கள். நம் தோட்டங்களில் இளங்கன்றுகளுக்கு நடுவே மூடுபயிராகக் கொடி வளர்க்கிறோமே, அதைப்போல இதுவும் பயற்றினத்தைச் சேர்ந்தது. மண்ணுக்கு உரமும் ஆகும். பயிர் செழித்தது, பூ குலுங்கியது, ஆனால் விதை மட்டும் பிடிக்கவில்லை. ஆண்டுதோறும் விதையை இங்கிலாந்திலிருந்து காசு கொடுத்து வரவழைக்க வேண்டியிருந்தது.

தேனீ இல்லையா என்றால், இருந்தது. 1839இலேயே மேரி பம்பி என்ற பெண்மணி தேன்கூடுகளைக் கப்பலில் கொண்டுவந்திருந்தார். ஆனால் குளோவர்ப் பூ ஒரு குழலைப்போல நீண்டது. அடியில் இருக்கும் தேனுக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் ஆழம். சாதாரணத் தேனீயின் நாக்கு அந்த ஆழத்துக்கு எட்டாது. எட்டக்கூடியது வேறொரு பிராணி. ஆங்கிலேயர் அதைப் பம்பிள்பீ என்பர். நாம் குண்டுத்தேனீ என்று வைத்துக்கொள்வோம். நம் வீட்டு மரச்சட்டத்தைத் துளைத்துக் குடியிருக்கும் கருவண்டு பார்வைக்கு அதைப்போலத்தான் இருக்கும். ஆனால் கருவண்டின் பின்னுடல் மழமழவென்று மின்னும், குண்டுத்தேனீ கம்பளி போர்த்தியதுபோல உடம்பெல்லாம் மயிராக இருக்கும். குளிரைத் தாங்கப் பிறந்தது. நம் தாழ்நிலத்து வெப்பத்தில் அதைக் காணமுடியாது.

சிவப்புக் குளோவருக்கும் குண்டுத்தேனீக்கும் உள்ள இந்தத் தொடர்பை டார்வின் 1859இல் வெளியிட்ட தம் நூலிலேயே எடுத்துக் காட்டியிருந்தார். எலி தேனீக்கூட்டை அழிக்கும். பூனை எலியைத் தின்னும். ஆகவே பூனை மிகுந்த ஊரில் குளோவரும் மிகும் என்று அவர் கணக்குப் போட்டது உலகப் புகழ் பெற்றது.

தேனீயை அனுப்புங்கள் என்று நியூசிலாந்துக்காரர்கள் கேட்டார்கள். அனுப்புவது எளிதாயில்லை. பல முயற்சிகள் வீணாயின. குளிர்காலத்தில் ராணித்தேனீ மண்ணுக்குள் உறங்கும். அந்த உறக்கத்திலேயே தோண்டியெடுத்துப் பெட்டியில் வைத்து, இறைச்சி ஏற்றும் கப்பலின் குளிரறையில் வைத்து அனுப்பினால் என்ன என்று ஒரு யோசனை பிறந்தது. அப்படி அனுப்பியவற்றில் நூற்றுக்கும் குறைவான ராணிகளே 1885இன் தொடக்கத்தில் உயிரோடு இறங்கின. கேண்டர்பரி மாவட்டத்தில் அவற்றைப் பறக்கவிட்டார்கள். ஓரிரு ஆண்டுகளில் குளோவரில் விதை பிடிக்கத் தொடங்கியது.

இங்கேதான் நமக்கு வேண்டிய செய்தி இருக்கிறது. போய்ச் சேர்ந்தது ஒரே இனம் அன்று. நான்கு இனங்கள் அந்நாட்டில் நிலைத்தன. அவற்றுள் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். பொம்பஸ் டெரெஸ்ட்ரிஸ் என்பது ஒன்று. லத்தீன் மொழியில் 'மண்ணுக்குரியது' என்று பொருள். பொம்பஸ் ஹோர்ட்டோரம் மற்றொன்று. 'தோட்டங்களுக்குரியது' என்று பொருள். நாம் மண்தேனீ, தோட்டத்தேனீ என்றே அழைப்போம். இரண்டும் கறுப்பில் மஞ்சள் பட்டை போட்டவை, இரண்டுக்கும் வால்நுனி வெளுப்பு. கூர்ந்து பார்த்தால் மண்தேனீக்குப் பட்டை இரண்டு, தோட்டத்தேனீக்கு மூன்று. தோட்டத்தேனீயின் முகம் குதிரை முகம்போல நீண்டிருக்கும். நாக்கும் அப்படியே. மண்தேனீயின் நாக்கு 8 மில்லிமீட்டர் அளவு. தோட்டத்தேனீக்கு அதைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல்.

நாக்கில் சில மில்லிமீட்டர் வேற்றுமை. அதனால் வந்த விளைவைப் பாருங்கள். தோட்டத்தேனீ பூவின் வாய் வழியாக நாக்கை விட்டுத் தேனை உறிஞ்சும். அப்போது மகரந்தம் அதன் உடலில் ஒட்டும், அடுத்த பூவில் சேரும், விதை பிடிக்கும். மண்தேனீக்கு அந்த ஆழம் சிரமம். அது என்ன செய்யும்? பூக்குழலின் அடிப்பக்கத்தைக் கடித்து ஓட்டை போட்டு, கொல்லைப்புற வழியாகத் தேனைத் திருடிக்கொண்டு போய்விடும். பூவுக்கு ஒரு பயனும் இல்லை. மகரந்தம் தேவைப்படும்போது மண்தேனீயும் வாசல் வழியாக வருவதுண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். முற்றிலும் திருடன் என்று தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது. ஆனால் நாடெங்கும் வேகமாகப் பெருகியது இந்த மண்தேனீதான். நீள நாக்குக்காரர்கள் மெதுவாகவே பரவினர். அதனால் 1906இல் மறுபடியும் இங்கிலாந்திலிருந்து தேனீக்களை வரவழைத்தார்கள்.

நீள நாக்குடைய இன்னோர் இனமான பொம்பஸ் சப்டெரேனியஸ் பின்னாளில் பிறந்த வீடான இங்கிலாந்திலேயே அற்றுப்போயிற்று. அங்கே இயற்கையாக வாழ்ந்த அந்த இனம் கடைசியாகக் காணப்பட்டது 1988இல். புகுந்த வீடான நியூசிலாந்தில் அது இன்றும் உயிர்வாழ்கிறது.

பயிரைக் கொண்டுபோனவர்கள் அதன் பூச்சியைக் கொண்டுபோக மறந்தார்கள். பிறகு பூச்சியைக் கொண்டுபோனபோது, உறவினங்களுக்குள் எது என்ன செய்யும் என்று பார்த்துப் பொறுக்கவில்லை. இந்த இரண்டு செய்திகளையும் நினைவில் வைத்துக்கொண்டு இப்போது நம் சிலாங்கூருக்கு வருவோம்.

செம்பனையும் வந்த பயிர்தான். அதன் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1848இல் ஜாவாத் தீவின் போகோர் தாவரத் தோட்டத்தில் நான்கு கன்றுகள் நடப்பட்டன. தென்கிழக்காசியாவின் பழைய செம்பனைத் தோட்டங்கள் அந்த நான்கின் வழிவந்தவை. மலாயாவில் முதலில் அழகுக்காகத்தான் வளர்த்தார்கள். வாணிகப் பயிராக முதன்முதல் நட்டவர் ஆன்றி ஃபொக்கொனியே என்ற பிரெஞ்சுக்காரர். 1917இல், கோலசிலாங்கூர் வட்டாரத்தில் இருக்கும் தெனமாரம் தோட்டத்தில். இவர் துரை மட்டுமல்லர், எழுத்தாளரும்கூட. மலாயாத் தோட்ட வாழ்வை வைத்து இவர் எழுதிய நாவல் 1930இல் பிரான்சின் பெரும்பரிசான கொன்கூர் விருதைப் பெற்றது.

விதை வந்தது, கன்று வந்தது, மரமும் வந்தது. அதன் பாளையில் குடியிருந்த பூச்சி ஆப்பிரிக்காவிலேயே நின்றுவிட்டது. யாருக்கும் அது ஒரு குறையாகவும் படவில்லை. செம்பனைக்குக் காற்றே மகரந்தத்தைக் கொண்டுசேர்க்கிறது என்றுதான் பாடநூல்கள் சொல்லின.

செம்பனையின் வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததே. ஒரே மரம் சில காலம் ஆண்பாளையாக விடும், சில காலம் பெண்பாளையாக விடும். பெண்பாளை விரிந்திருக்கும்போது அதே மரத்தில் மகரந்தம் இருப்பது அரிது. வேறு மரத்திலிருந்து வரவேண்டும். அதுவும் பெண்பூ காத்திருப்பது இரண்டு மூன்று நாள்தான். அதற்குள் மகரந்தம் வரவில்லையென்றால் குலையில் காய் பிடிக்காது. பிடித்தாலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும், மீதி பருப்பில்லாத சாவியாகும். பூத்தூளோ கனமானது, மழை நாளில் நனைந்து கட்டிப்படும். காற்று எவ்வளவு தூரம் தூக்கிப்போகும்?

தீபகற்பத்தில் பேன்போன்ற ஒரு நுண்ணிய பூச்சி இந்த வேலையை ஓரளவு செய்துவந்தது. திரிப்ஸ் என்பார்கள். சபாவில் அதுவும் போதவில்லை. ஆகவே அந்த வேலையை மனிதர் கையில் கொடுத்தார்கள். தீபகற்பத்தில் இளமரங்கள் நின்ற காடுகளுக்கு மட்டும் சில ஆண்டுகள். சபாவில் அதற்கும் மேலாக.

அந்த வேலையைப் பார்க்காத இளைய தலைமுறைக்காகச் சற்று விரித்துச் சொல்வோம். ஆண்பாளை முற்றும் சமயம் பார்த்து வெட்டியெடுத்து, உதறி, பூத்தூளைச் சேர்த்து, உலர்த்தி, சலித்து வைப்பார்கள். அதோடு முகத்துக்குப் போடும் பவுடர் போன்ற டால்க் தூளைக் கலப்பார்கள். அழுத்தினால் 'புஸ்' என்று தூளை ஊதும் ஒரு குப்பியில் அடைத்துக்கொண்டு நிரை நிரையாகப் போவார்கள். ஒவ்வொரு மரத்தையும் சுற்றிவந்து, முள் மட்டையை விலக்கி, எந்தப் பாளை விரிந்திருக்கிறது என்று தேடி, அதன்மேல் ஊதவேண்டும். இளமரத்தில் பாளை தரையை ஒட்டி, மட்டைகளின் கக்கத்தில் இருக்கும். குனிந்து கையை உள்ளே விட்டால் முழங்கைவரை முள் கீறும். இன்று பார்த்த மரத்தை மூன்று நாளில் மறுபடியும் பார்த்தாக வேண்டும். தவறினால் ஒரு குலை போயிற்று. மழை பெய்தாலும் பூ காத்திருக்காது. பெண்களும் வேலைக்குச் சேர்ந்த புதிய இளைஞர்களும் இதைச் செய்தார்கள். வண்டு செய்யவேண்டிய வேலையை ஆள் செய்துகொண்டிருக்கிறார் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை. பெரட்டில் பெயர் கூப்பிட்டு அனுப்பும் வேலைகளில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான்.

ஒருவர் நினைத்தார். லெஸ்லி டேவிட்சன் என்பது அவர் பெயர். யூனிலீவர் நிறுவனத்தின் தோட்டங்களில் வேலை செய்தவர். 1950களில் ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டில் இருந்தார், பிறகு சபாவுக்கு வந்தார். கேமரூனில் யாரும் கையால் மகரந்தம் தூவவில்லை; ஆனாலும் அடைமழைக் காலத்திலும் குலை நிறையக் காய் பிடித்தது. பாளையைச் சுற்றி வண்டுகள் மொய்த்ததை அவர் கண்ணால் பார்த்திருந்தார். சபாவில் கையால் தூவியும் போதவில்லை, வண்டையும் காணோம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது அவருக்குப் பாடநூல்மேல் ஐயம் பிறந்தது. படித்தவர்கள் காற்று, காற்று என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1970களின் நடுவில் லண்டன் தலைமையகத்தில் பெரிய பொறுப்புக்கு வந்த பிறகுதான் அவரால் ஆராய்ச்சிக்கு வழிசெய்ய முடிந்தது. ஐயம் பிறந்ததற்கும் ஆராய்ச்சி தொடங்கியதற்கும் இடையே ஏறக்குறைய இருபது ஆண்டுகள்! அந்த இருபது ஆண்டும் இங்கே குப்பியைப் பிடித்த கைகள் ஓயவில்லை.

1977இல் ஆர். ஏ. சையத் என்னும் பாகிஸ்தானியப் பூச்சியியல் அறிஞர் கேமரூனுக்கு அனுப்பப்பட்டார். அவர் செய்த சோதனை எளியது. பெண்பாளைகள் சிலவற்றுக்குக் காற்று புகும், ஆனால் பூச்சி புகாத உறை மாட்டினார், சிலவற்றைத் திறந்துவிட்டார். பூச்சி புகாத குலைகளில் காய்ப்பிடிப்பு மிகக் குறைந்தது. காற்றின் கதை அதோடு முடிந்தது.

எந்தப் பூச்சி? பாளையில் வந்தவை பல. அவற்றுள் முதன்மையானவை கூன்வண்டுகள். அரிசி மூட்டையில் மூக்கு நீண்ட கறுப்பு வண்டு வருமே, அந்தக் குடும்பம். தென்னங்குருத்தைத் துளைத்து மரத்தையே சாய்க்கும் சிவப்புக் கூன்வண்டும் தூரத்து உறவு. சையத் பார்த்த வண்டுகள் எலைடோபியஸ் என்ற ஒரே குலத்தின் கிளைகள்: கமெருனிகஸ், பிளாஜியாட்டஸ், சிங்குலாரிஸ் என்று பல பெயர். எல்லாம் செம்பனைப் பாளையில் பிறந்து அதிலேயே வளர்பவை. எல்லாம் சில மில்லிமீட்டர் நீளம். சாதாரணக் கண்ணுக்கு ஒன்றை மற்றதிலிருந்து பிரித்தறிவது கடினம்.

நியூசிலாந்தில் செய்யத் தவறியதை சையத் இங்கே செய்தார். எந்த வண்டு எத்தனை வருகிறது, எது உடலில் அதிக மகரந்தத்தைச் சுமக்கிறது, எது மழைக்கும் வெயிலுக்கும் தாக்குப்பிடிக்கிறது என்று உறவினங்களை எண்ணி எண்ணி ஒப்பிட்டார். கமெருனிகஸ் முன்னால் நின்றது. எண்ணிக்கை மிகுதி, சுமக்கும் மகரந்தம் மிகுதி, ஈரக் காலத்திலும் உலர்ந்த காலத்திலும் வேலையை விடுவதில்லை. ஆண்டெல்லாம் மழை பெய்யும் மலேசியாவுக்கு இதுவே ஏற்றது என்று முடிவாயிற்று.

இந்த வண்டு வேலை செய்யும் விதம் வேடிக்கையானது. அதற்கு வேண்டியது ஆண்பாளை மட்டுமே. ஆண்பூவைத் தின்னும், அதிலேயே முட்டையிடும். வாடிய பூவைத் தின்று புழு வளரும். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் புதுவண்டாக வெளிவரும். பெண்பாளையில் அதற்குத் தீனியும் இல்லை, தொட்டிலும் இல்லை. பின் ஏன் போகிறது? பெண்பாளையும் விரியும் நாளில் அதே சோம்பு மணத்தை விட்டுவிட்டு வீசுகிறது. வண்டு ஏமாந்து உள்ளே நுழைகிறது, தேடுகிறது, ஒன்றுமில்லை என்று கண்டு திரும்புகிறது. அதற்குள் உடலில் ஒட்டியிருந்த மகரந்தம் பூவில் உதிர்ந்துவிடுகிறது. நாம் சமையல் செய்யும் எண்ணெய் முழுவதும் இந்த ஏமாற்றத்தில் விளைந்ததுதான்.

தேர்ந்தாயிற்று. உடனே கொண்டுவந்து விட்டுவிடலாமா? தென்னையைச் சாய்க்கும் குடும்பத்தில் பிறந்த பூச்சி என்பதால் அச்சம் இருந்தது, இருக்கவும் வேண்டும். நோயோ ஒட்டுண்ணியோ கூட வராதபடி தனிமையில் வளர்த்து, 1980இல் மலேசியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இங்கும் அடைத்துவைத்து, தென்னை முதலான மற்றப் பயிர்களைத் தின்னுமா என்று பார்த்தார்கள். செம்பனையின் ஆண்பாளை கிடைக்காவிட்டால் அது பட்டினி கிடந்து சாகுமே தவிர, வேறு செடியில் குடும்பம் நடத்தவில்லை. நம் முன்னோர் கப்பலிலிருந்து போர்ட் சுவெட்டன்ஹாம் துறையில் இறங்கியதும், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்தில், நோய் பரவாதிருக்கத் தடுப்பு முகாமில் வைக்கப்பட்ட பிறகே தோட்டத்துக்கு அனுப்பப்பட்டார்கள் என்பதை இங்கே நினைக்காமல் இருக்கமுடியவில்லை.

இந்த எச்சரிக்கை வீண்போகவில்லை என்பதற்குச் சிலி நாட்டைப் பார்த்தால் போதும். நாம் முன்னே கண்ட மண்தேனீயை அங்கே 1990களின் கடைசியில் பயிர்களுக்காகக் கொண்டுபோனார்கள். அது எந்தப் பூவுக்கும் போகும்; காட்டுக்குள் பரவியது. அந்நாட்டுக்கே உரிய, உலகிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்றான செந்நிறக் குண்டுத்தேனீ அதற்குப் பின் பல இடங்களில் அருகிவிட்டது.

1981 பிப்ரவரியில் ஜொகூர், குளுவாங்கில் உள்ள பாமோல் தோட்டத்தில் வண்டுகள் வெளியே விடப்பட்டன. அடுத்து சபா. அதற்குப்பின் யாரும் அவற்றைப் பிடித்து வைக்க முடியவில்லை; பிடித்துவைக்க விரும்பவும் இல்லை. வண்டு மொய்த்த ஆண்பாளையை வெட்டி எடுத்துப்போய் அடுத்த தோட்டத்தில் வைத்தார்கள். தானாகப் பறந்தும் போயிற்று. ஓரிரு ஆண்டில் கேரித்தீவு, காப்பார், கோலசிலாங்கூர் என்று கிள்ளான் பள்ளத்தாக்கைச் சூழ்ந்த காடுகளும் தப்பவில்லை. பாதிக் காய் பிடித்த குலைகளில் பத்துக்கு ஏழு பூ காயாயிற்று. 1980இல் சுமார் 25 லட்சம் டன்னாக இருந்த நாட்டின் செம்பனை எண்ணெய் 1982இல் 35 லட்சம் டன் ஆனது. புது மரங்கள் காய்ப்புக்கு வந்ததும் இதில் சேர்ந்திருக்கிறது. வண்டு ஒன்றே செய்தது என்று சொல்லக்கூடாது. அளவுக்கு மிஞ்சிக் காய்த்த மரம் களைத்துப்போய் 1983இல் விளைச்சல் 30 லட்சத்துக்கு இறங்கி, மறு ஆண்டு மீண்டும் ஏறியது.

ஆலைகள் திணறின. நெருக்கமாகக் காய் அடைத்த குலையிலிருந்து பழம் எளிதில் உதிரவில்லை. கூடுதல் நேரம் அவிக்க வேண்டியிருந்தது. ஆலையின் திணறல் அறிக்கைகளில் ஏறியது. வெட்டுக்காரரின் தோள் எதில் ஏறும்? குலை கனத்தது. உளியால் குத்தி, அரிவாளால் இழுத்துச் சாய்த்த குலையைச் சாலைவரை கொண்டுசேர்த்தவர் அவர்தான்.

கையால் மகரந்தம் தூவும் வேலை ஏறக்குறைய ஒரே மூச்சில் மறைந்தது. முள்ளில் கை கிழிந்த வேலை போனதில் வருத்தமில்லை என்று சொல்லலாம். அந்த நாட்சம்பளத்தை நம்பியிருந்த வீட்டில் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். சிலருக்கு உதிரிப்பழம் பொறுக்கும் வேலை, உரம் போடும் வேலை. சிலர் முதுகில் களைக்கொல்லி மருந்துத் தோம்பை ஏற்றிக்கொண்டார்கள். பூத்தூளும் டால்க்கும் செய்யாத கேட்டை அந்த மருந்து செய்தது. தோட்டத்துப் பெண்களிடையே அதன் தீங்கை எடுத்துக்காட்டி தெனாகனித்தா அமைப்பு 2002இல் ஆய்வு வெளியிட்டது. வண்டுக்குக் கூலி கிடையாது. அது மிச்சப்படுத்திய கூலி தோட்ட நிறுவனங்களின் வரவுப் பக்கத்தில் சேர்ந்தது. ஆராய்ச்சிக்குச் செலவு செய்தவர்களுக்கு ஆதாயம் வருவது இயல்பே. ஆனால் ஆயிரக்கணக்கான கைகள் செய்துவந்த வேலையின் மதிப்பு என்னவென்று கணக்குப் போட இதைவிட நல்ல வாய்ப்பு அமைந்ததில்லை, அந்தக் கணக்கை யாரும் நமக்குப் படித்துக் காட்டவும் இல்லை என்பதை நாம் சொல்லித்தான் ஆகவேண்டும். அன்று குப்பி பிடித்த பெண்கள் இன்று பாட்டிமார்கள். பிராங் புசார் தோட்டம் 1990களில் புத்ராஜெயாவாக மாறியதுபோலப் பல தோட்டங்களே மறைந்து, அவர்களில் பலர் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறார்கள். கடையில் ஒரு கிலோ எண்ணெய்ப் பொட்டலம் வாங்கும்போது பேரப்பிள்ளைகள் அவர்களிடம் கேட்டுப்பார்க்கலாம்; குப்பியில் தூளை எப்படி ஊதினார்கள் என்று சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள்.

வண்டு மலேசியாவோடு நிற்கவில்லை. இந்தோனேசியா, பாப்புவா நியூகினி என்று போயிற்று. 1985இல் மலேசியாவிலிருந்து கேரளத்துச் செம்பனைத் தோட்டங்களுக்கும் சென்றது. நாம் வந்த திசைக்கே அது திரும்பிப் போனது எனலாம்.

தென்னமெரிக்காவில் நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. அங்கே எலைடோபியஸ் குலத்தின் சப்விட்டாட்டஸ் என்ற உறவினம் யாரும் அழைக்காமலே முன்பே வந்து குடியிருந்தது. வேலையும் செய்தது, ஆனால் மகரந்தம் சுமப்பதில் பின்தங்கியது. 1980களின் நடுவில் கொலம்பியா முதலிய நாடுகளில் கமெருனிகஸைக் கொண்டுவிட்டதும், பல இடங்களில் சப்விட்டாட்டஸ் ஒதுங்கிப்போயிற்று. ஒரே பாளையில் இரண்டு உறவினரையும் விட்டபோது சையத் போட்ட கணக்குச் சரியென்று தெரிந்தது.

ஆனால் இப்போது வேறொரு கேள்வி எழுந்திருக்கிறது. அண்மை ஆண்டுகளில் சபா, சரவாக் பக்கத்துச் சில தோட்டங்களிலும் இந்தோனேசியாவிலும் காய்ப்பிடிப்பு குறைகிறது என்கிறார்கள். காரணம் ஒன்றல்ல. புதிய மர வகைகள் இளம் வயதில் பெண்பாளையே மிகுதியாக விடுகின்றன. ஆண்பாளை இல்லாவிட்டால் வண்டுக்கு வீடு ஏது? மழை, பூச்சிமருந்து, வண்டின் வயிற்றில் வாழும் நுண்புழு என்றும் சொல்கிறார்கள். இங்குள்ள வண்டுகள் எல்லாம் அன்று வந்த ஒரு சிறு கூட்டத்தின் வழிவந்தவை. நெருங்கிய உறவுக்குள்ளேயே பெருகிப் பெருகி வலு குறைந்துவிட்டதோ என்ற ஐயமும் உண்டு. இந்தோனேசியாவில் ஒரு முறையைக் கையாள்கிறார்கள்: பெட்டிக்குள் வண்டுகளைப் பொரிக்க வைத்து, வெளியே வரும்போது அவற்றின் உடலில் மகரந்தத்தைத் தூவி அனுப்புகிறார்கள். சில இடங்களில் இளமரங்களுக்கு மனிதக் கை மறுபடியும் குப்பியைப் பிடித்திருக்கிறது. அந்தக் கை இப்போது பெரும்பாலும் நம்முடையது அன்று. வேறு நாட்டிலிருந்து வந்தவர்களுடையது.

ஆப்பிரிக்காவில் விட்டுவந்த பிளாஜியாட்டஸ், சப்விட்டாட்டஸ் முதலிய உறவினங்களையும் அழைத்துவரலாமா, அல்லது கமெருனிகஸிலேயே புதுக் குருதியைக் கொண்டுவரலாமா என்று ஆய்வாளர்கள் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். எது வந்தாலும் அது முதலில் அடைப்புக்குள் இருந்து, தென்னையைத் தொடுகிறதா, மற்றப் பயிரைத் தொடுகிறதா என்ற சோதனையைத் தாண்டவேண்டும். அதோடு இம்முறை இன்னொன்றையும் பார்க்கவேண்டியிருக்கும்: நாற்பது ஆண்டுக்கு மேலாக இங்கே குடியிருக்கும் பழைய வண்டும் புதிதாக வரும் உறவும் ஒரே பாளையில் சேர்ந்து வாழுமா, அல்லது தென்னமெரிக்காவில் நடந்ததுபோல ஒன்று மற்றதை வெளியே தள்ளுமா என்பதை.